'ஓடுகீறல்': ஆஸ்ட்ரசிசத்துக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலைப் பற்றி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> கிரேக்க வரலாற்றுப் பட்டியலில் 'ஆஸ்ட்ரசிசம்' இன்னும் காலியாக இருக்கிறது. 'நாடு கடத்தல்' என்று போட்டு முடித்துவிடலாமா?

தயவுசெய்து அப்படி முடித்துவிட வேண்டாம். நாடு கடத்தல் என்றால் ஒரு குற்றம், ஒரு விசாரணை, ஒரு தீர்ப்பு என்று மனம் போய்விடும். ஆஸ்ட்ரசிசம் (ostracism) என்பது பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸில் ஒருவரை மக்களே வாக்களித்துப் பத்து ஆண்டு ஊரைவிட்டு அனுப்பிய வழக்கம். அதில் இந்த மூன்றுமே கிடையாது.

ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் மன்றத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: இந்த ஆண்டு யாரையாவது அப்படி அனுப்ப வேண்டுமா, வேண்டாமா? யார் பெயரும் அப்போது பேச்சில் வராது. வேண்டும் என்று முடிவானால், ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து அகோரா என்ற சந்தைவெளியில் வேலி கட்டி, பத்துக் குலங்களுக்குப் பத்து வாசல் வைப்பார்கள். ஒவ்வொரு குடிமகனும் ஊரைவிட்டுப் போகவேண்டியவர் என்று தான் நினைக்கும் ஒருவரின் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறி, எழுத்துத் தெரியாதபடி கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் போட வேண்டும். 6,000 ஓடு சேர வேண்டும் என்பது விதி. அதிக ஓடுகளில் பெயர் வந்தவர் பத்து நாளில் கிளம்ப வேண்டும், பத்து ஆண்டு திரும்பக் கூடாது. ஆனால் அவர் சொத்து அவருடையதுதான், குடியுரிமையும் போகாது. திரும்பி வந்தால் பழைய மரியாதையோடு இருக்கலாம்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? கி.மு. 487ஐப் பாருங்கள். ஆர்க்கோன் என்ற பெரும்பதவிகளைத் திருவுளச்சீட்டு மூலம் நிரப்பத் தொடங்கியதும் அந்த ஆண்டை ஒட்டித்தான், முதல் விலக்கம் நடந்ததும் அப்போதுதான். சீட்டில் வரும் பதவியால் யாரும் பெரிய ஆளாகிவிட முடியாது. ஆனால் போருக்குத் தலைமை தாங்கும் பத்து ஸ்ட்ராட்டெகோஸ்களுக்குச் சீட்டு கிடையாது, தேர்தல்தான். எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். போரில் வென்றவரின் செல்வாக்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும். அதைச் சண்டையில்லாமல், ரத்தமில்லாமல் இறக்கிவைக்க அவர்கள் கண்ட வழி இது. சலாமிஸ் கடற்போரில் பாரசீகக் கப்பற்படையை மடக்கிய தெமிஸ்டோக்ளீஸையே கி.மு. 471 வாக்கில் அனுப்பிவிட்டார்கள். அவருடைய போட்டியாளரான அரிஸ்டைடீஸ் கி.மு. 482இல் போனவர். பாரசீகர் படையெடுத்து வந்தபோது அவரைத் திரும்ப அழைத்தார்கள். கி.மு. 479இல் பிளாட்டியா போர்க்களத்தில் ஏதென்ஸ் படையை நடத்தியது அவர்தான். குற்றவாளியாக அனுப்பப்பட்டவரை இப்படிப் படைத்தலைவராக்குவார்களா? 'நாடு கடத்தல்' பொருந்தாது என்பதற்கு எனக்கு இந்த ஒன்றே போதும்.

அடுத்து 'ஊர்விலக்கம்'. இதை முன்வைத்த நண்பர்மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. நம் ஊர்களில் ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பது என்றால் கடையில் சாமான் கிடையாது, கிணற்றில் தண்ணீர் கிடையாது, நல்லது கெட்டதுக்கு ஆள் கிடையாது. பெரும்பாலும் எளியவர்மேல் வலியவர் செய்வது. ஏதென்ஸில் செல்வாக்கு மிகுந்தவரைச் சாதாரணக் குடிமக்கள் அனுப்பினார்கள், திசையே வேறு. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டுமே புரியாமல் போகும். இன்றைய சமூக வழக்கத்தில் அந்த ஆங்கிலச் சொல் வரும் இடங்களுக்கு 'ஒதுக்கிவைத்தல்' இருக்கட்டும். இது தனியாக நிற்கட்டும்.

'குடவோலை விலக்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சொல்வது வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறை. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வார்கள். அது சீட்டு, இது எண்ணிக்கை. அது உள்ளே எடுப்பதற்கு, இது வெளியே அனுப்புவதற்கு. ஓலையும் ஓடும் பக்கத்தில் இருப்பதால் மட்டும் சேர்த்துவிட முடியாது.

சரி, நமக்கு ஓடு வேண்டும். கிரேக்கத்தில் 'ஒஸ்ட்ரகோன்' என்றால் உடைந்த பானைத் துண்டு, சிப்பி ஆமை போன்றவற்றின் மேலோடும் அதுவே. தமிழில் 'ஓடு' அப்படியே இந்த இரண்டு பொருளிலும் வருகிறது: பானை ஓடு, ஆமை ஓடு, நத்தை ஓடு. இதைக் கவனித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது விட்டுவிடக் கூடாது.

சிக்கல் புணர்ச்சியில் வந்தது. ஓடு + விலக்கு = ஓட்டுவிலக்கு. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளிடம் எழுதிக் காட்டினேன். "வாக்காளர் பட்டியலிலிருந்து பேரை எடுத்துடறதா மாமா?" என்று கேட்டாள். அவள்மேல் தப்பில்லை. ஓட்டு என்றால் இன்றைக்கு வாக்குதான். 'பானையோட்டு விலக்கம்' என்று நீட்டினாலும் கண் 'ஓட்டு' என்பதில்தான் போய் நிற்கிறது. 'சில்லு விலக்கம்' போட்டுப் பார்த்தேன். கணினிக்காரர்கள் சில்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள், இலங்கையில் சில்லு என்றால் சக்கரம்.

அப்புறம்தான் வினையிலிருந்து போகலாம் என்று தோன்றியது. வீடு கட்டல், மாடு மேய்த்தல் என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாக வரும்போது டகரம் இரட்டிப்பதில்லை. ஆகவே ஓடுகீறல். 'ஓட்டு' அறவே ஒழிந்தது. "அந்த ஆண்டு ஓடுகீறல் நடந்தது", "ஓடுகீறலில் விலக்கப்பட்டவர்", "தெமிஸ்டோக்ளீஸின் பெயர் கீறிய ஓடு" என்று எப்படி எழுதினாலும் வாக்கியம் இடறவில்லை.

'கீறல்' ஏன், 'எழுதல்' ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் 190 ஓடுகள் ஒன்றாகக் கிடைத்தன. எல்லாவற்றிலும் 'நெயோக்ளீஸ் மகன் தெமிஸ்டோக்ளீஸ்' என்ற ஒரே ஆள்தான். பல ஓடுகள் சிறு கிண்ணங்களின் வட்டமான அடிப்பாகம். கூர்முனையால் கறுப்புப் பூச்சைக் கிழித்து இழுத்த கோடுகள், உள்ளே செம்மண் நிறம் தெரிகிறது. கையெழுத்தைப் பார்த்தால் சுமார் 14 பேர் உட்கார்ந்து மொத்தத்தையும் எழுதியிருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு விநியோகிக்க ஓர் அணி முன்கூட்டியே தயார் செய்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதைப் பார்த்தபின் 'எழுதல்' எனக்கு மிருதுவாகப் படுகிறது. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த பானை ஓடுகளைப் பற்றி எழுதுகிறவர்களும் 'கீறல்' என்றே சொல்கிறார்கள், சொல் நமக்குப் பழகியதுதான். சில ஏதென்ஸ் ஓடுகளில் மையால் எழுதியிருப்பது உண்மை. பெரும்பான்மை கீறியவை, பெயர் அதைக்கொண்டு அமையட்டும்.

ஓடு என்றதும் கூரை ஓடு நினைவுக்கு வரும் என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். முதல் இடத்தில் மட்டும் 'பானை ஓடுகீறல்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

இன்னொரு சோதனையும் செய்தேன். சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரத்தார் ஏதென்ஸைப் பார்த்து இதே வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அங்கே ஓட்டுக்குப் பதில் ஒலிவ இலை, பத்து ஆண்டுக்குப் பதில் ஐந்து. அந்தப் 'பெட்டலிஸ்மோஸ்' நம் அச்சில் இலைகீறல் என்று தானாக வந்து விழுகிறது. ஓலை கீறிய மொழிக்கு இலை கீறுவது புதிதில்லையே.

இரண்டையும் பட்டியலில் சேர்க்கலாமா? 'கீறல்' என்பதைவிட 'பொறித்தல்' மேல் என்று நினைப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். 'ஓடுபொறித்தல்' சொல்லிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. உங்களுக்கு எப்படி இருக்கிறது?

அன்புடன்.