வாயைப் பொத்திச் சிரிக்கிற ஊருக்கு வந்த காமெடியன்கள்

மைக்செட்காரன், தர்மபுரி:

ஊர் ஊரா போய் மேடையில சிரிக்க வைக்கறவங்களைப் பக்கத்துல இருந்து பார்த்தவங்க எழுதுங்க. நானே ஆரம்பிக்கறேன்.

25 வருஷமா மைக்செட் தொழில். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காரிமங்கலம்னு மாரியம்மன் பண்டிகை எங்க நடந்தாலும் மேடைக்குப் பின்னாடி ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார்ந்திருக்கறது நான்தான். பேசறவன் மூஞ்சியை ஜனங்க பார்ப்பாங்க, முதுகை நான் பார்ப்பேன். ஜோக்கு விழலைன்னா சட்டை எந்த இடத்துல முதல்ல நனையும்னு எனக்குத் தெரியும்.

ஆரம்பத்துல வந்தவங்க எல்லாம் மிமிக்ரிக்காரங்க. ஆர்க்கெஸ்ட்ராவுல பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல பத்து நிமிஷம் குடுப்பாங்க. சிவாஜி, எம்.ஆர்.ராதா, ரஜினி, விஜயகாந்த், கடைசியில ரயில் சத்தம். ரயிலுக்குக் கைத்தட்டு நிச்சயம். இத்தனைக்கும் பாதிப் பேர் ஊருக்குப் பக்கத்துல ரயிலே கிடையாது. 2005ல விஜய் டிவியில கலக்கப்போவது யாரு வந்த பிறகு போஸ்டர்ல ‘டிவி புகழ்’னு ஒரு வரி ஏறுச்சு. கூடவே ரேட்டும் ஏறுச்சு. ட்ரம்ஸ் பெட்டிக்கும் கீபோர்டுக்கும் நடுவுல குந்திக்கிட்டு வேன்ல வந்தவங்க தனி கார்ல வந்து இறங்கினாங்க.

இவங்களுக்கு முதல் எதிரி நாங்கதான், ஒத்துக்கறேன். அம்மன் பாட்டுக்கு வெச்ச எக்கோவை அப்படியே விட்டுடுவோம். அவங்க ‘மாப்ள’ன்னா குழாய் ஸ்பீக்கர்ல ‘மாப்ள ப்ள ப்ள’ன்னு போகும். ஜோக்குல கடைசி வார்த்தைதானே உசுரு, அதுதான் குழம்பிப்போகும். அது பத்தாதுன்னு ஊர் எல்லை வரைக்கும் கரண்டு கம்பத்துல குழாய் கட்டச் சொல்லுவாங்க. 300 மீட்டர் தள்ளி இருக்கற குழாய்ச் சத்தம் மேடைக்குத் திரும்பி வர கிட்டத்தட்ட ஒரு செகண்டு ஆகும். ஒரு சின்னப் பையன், புதுசு, பாதியில என்கிட்ட ஓடி வந்து, “அண்ணே, அங்க எவனோ நின்னு நான் சொல்றதையே திருப்பிச் சொல்லிக் கிண்டல் பண்றாண்ணே, பார்த்து அனுப்புங்க”ன்னான். நான் எங்க அனுப்பறது!

நேரப் பிரச்சனை வேற. ஒலிபெருக்கிக்கு ராத்திரி பத்து மணிதான் கெடு. ஏழு மணி நிகழ்ச்சிக்கு எட்டரைக்குத்தான் குத்துவிளக்கு ஏத்துவாங்க. அப்புறம் தலைவர், துணைத்தலைவர், உபயதாரர், உபயதாரரோட மச்சான் எல்லாருக்கும் பொன்னாடை. ஒருத்தர் கைக்கு மைக் போனப்ப மணி 9.40. 9.58க்கு ஏட்டய்யா என் பக்கத்துல வந்து வாட்ச்சைக் காட்டினார். ஒரு மணி நேரத்துக்குத் தயார் பண்ணிட்டு வந்த மனுஷன், 18 நிமிஷம் பேசிட்டுப் பேட்டாவுக்கு நின்னார்.

இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே சொல்லலாம். ஒண்ணை மட்டும் அப்படிச் சொல்ல முடியல.

பென்னாகரம் பக்கம் ஒரு ஊர். 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்னு காவிரித் தண்ணி குழாய்ல வர்றதுக்கு முன்னாடி நடந்தது. வெளி மாவட்டத்துக்காரர், நல்ல கலைஞர், கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசறவர். மேடைக்கு அடியில தரையில உக்கார்ந்திருந்த பசங்களைக் காட்டி, “ஏன்டா தம்பிங்களா, உங்க ஊர்ல பேஸ்ட்டே விக்கறதில்லையா? செங்கல்லை வெச்சா தேய்க்கறீங்க?”ன்னார். பத்துப் பன்னெண்டு கை ஒரே நேரத்துல வாய்க்குப் போச்சு. பொம்பளைங்க பக்கம் முந்தானை போச்சு. அவர் என்ன நினைச்சுக்கிட்டார்னா, சிரிப்பை அடக்கறாங்கன்னு. அதையே பிடிச்சு இன்னும் இழுத்தார்.

எங்க பக்கம் சிரிக்கறதே அப்படித்தான். கை தானா மேல போகும். போர் தண்ணியில ஃப்ளூரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக்கூடாதும்பாங்க, எங்க போருங்க அதை எப்பவோ தாண்டியாச்சு. பல்லு உருவாகற சின்ன வயசுல அந்தத் தண்ணியைக் குடிச்சா பழுப்புக் கறை பிடிச்சுடும். எந்தப் பேஸ்ட்டுக்கும் போகாது, சாகற வரைக்கும் இருக்கும்.

நான் வால்யூமை இறக்கிட்டேன். மைக் போச்சுன்னு கையைக் காட்டினேன். தொழில்ல வேணும்னே செஞ்ச தப்பு அது ஒண்ணுதான். அப்புறம் வண்டிகிட்ட வெச்சு அவர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். என் பல்லையும் காட்டினேன். கார் கதவைத் திறந்தவர் மூடிட்டு, “அந்தப் பசங்க வீடு எங்க இருக்குங்க?”ன்னார். மணி பதினொண்ணு. எல்லாரும் பாயைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

யாரு, எந்த ஊருன்னு கேக்காதீங்க.

பைபாஸ் டீக்கடை, கிருஷ்ணகிரி:

அண்ணா, ரயில் சத்தத்தோட டி.வி.எஸ். ஃபிஃப்டி ஸ்டார்ட் ஆகாத சத்தத்தையும் சேர்த்துக்கோங்க. அதுக்கும் கைத்தட்டு உறுதி.

சென்னை ரோடு, பெங்களூரு ரோடு, சேலம் ரோடு எல்லாம் கூடற ஊரு எங்களுது. எந்த ஊர்ல ஷோ முடிச்சாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க கடையைத் தாண்டித்தான் போகணும். ஒரு நாள் ஒருத்தர் வந்தார். வாயே திறக்கலை. கையாலயே வெந்நீர் கேட்டார், மிளகு டப்பாவைக் காட்டினார், பன்னுக்கு ரெண்டு விரலைக் காட்டினார். பாவம் வாய் பேச முடியாதவர்னு எங்க மாஸ்டர் பன்னுக்குக் காசு வாங்கலை. அவரும் கும்பிட்டுட்டுப் போயிட்டார்.

ஒரு வாரம் கழிச்சு மாஸ்டர் செல்லுல பார்க்கறார், அதே ஆளு நிறுத்தாம முக்கா மணி நேரம் பேசறார்! தொண்டை கட்டினா அடுத்த ஷோ வரைக்கும் பேச மாட்டாங்களாம், பின்னாடிதான் தெரிஞ்சுது. அந்த ரெண்டு பன்னு இன்னும் மாஸ்டர் கணக்குல நிக்குது.

ஓசூர் டீச்சர்:

நான் வேலை பார்க்கும் கல்லூரியில் ஆண்டு விழாவுக்கு ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் பொறுப்பு ஒரு முறை என் தலையில் விழுந்தது. வந்தவர் ஒரு பெண். தொலைபேசியில் மூன்றே கேள்விகள்தான் கேட்டார். கழிப்பறை மேடையிலிருந்து எவ்வளவு தூரம்? எனக்கு முன்னால் நடன நிகழ்ச்சி இருக்கிறதா? முடிந்ததும் பேருந்து நிலையம் வரை யார் வருவார்கள்? சம்பளத்தைப் பற்றிப் பேசியதுகூட அதற்குப் பிறகுதான். (நடனத்துக்கு அடுத்து மேடை ஏறினால் கூட்டம் விசிலடித்தே களைத்திருக்குமாம். தனி ஆள் பேச்சு அதில் எடுபடாது என்றார்.)

எங்கள் நிர்வாகம் அவருக்கு ஒரு பட்டியல் கொடுத்தது. அரசியல் வேண்டாம், சாதி வேண்டாம், காதல் வேண்டாம், விடுதிச் சாப்பாடு வேண்டாம், தேர்வுக் கட்டணம் வேண்டவே வேண்டாம். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, “வெயில் பற்றிப் பேசலாமா மேடம், அல்லது அதற்கும் அனுமதி வாங்கணுமா?” என்றார். நாற்பது நிமிடமும் வெயிலைப் பற்றித்தான் பேசினார். கேட்டவர்களுக்கு அது தேர்வுக் கட்டணம் என்று புரிந்தது.

நான் கவனித்தது வேறு. ஓசூரில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள். அதிலும் சிலருக்கு வேகமான தமிழ் பிடிபடாது, பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லிக் கொடுப்பார். அதனால் ஒவ்வொரு ஜோக்குக்கும் சிரிப்பு இரண்டு தவணையாக வந்தது. முதல் இரண்டு முறை அவர் குழம்பினார். மூன்றாவது முறை முதல் சிரிப்பு அடங்கியதும் பேசாமல் நின்று தண்ணீர் குடித்தார். இரண்டாவது சிரிப்பு வந்ததும் பாட்டிலை மூடினார். பிறகு நிகழ்ச்சி முழுக்க அதையே செய்தார். அத்தனை தண்ணீர் குடித்த பிறகுதான் கழிப்பறைக் கேள்வியின் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

கோமாளி பேரன், பாலக்கோடு:

டிவி, ஸ்டாண்ட்-அப்னு எல்லாரும் எழுதறீங்க. எங்க தாத்தாவைப் பத்தியும் எழுதிடறேன். தெருக்கூத்துல கோமாளி. புத்தகத்துல கட்டியங்காரன்னு இருக்கும், எங்க வீட்டுல அப்படிச் சொன்னா யாரைன்னு கேப்பாங்க.

எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா மத்தியானம் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில துரியோதனன் படுகளம். மண்ணுல பெரிய உருவம் செஞ்சு படுக்க வெச்சிருப்பாங்க. அந்த அத்தனை ராத்திரியும் முதல்ல வர்றது கோமாளி, ராஜாவைக் கேள்வி கேக்கறது கோமாளி, தூங்கறவனை எழுப்பறதும் கோமாளி. பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியற வரைக்கும் ஆளு மேடையை விட்டு நகர முடியாது.

தாத்தா எந்த ஊருக்குப் போனாலும் மத்தியானமே போயிடுவார். டீக்கடை, சலூன், கிணத்தடி. யார் மாடு வித்தாங்க, எந்த வீட்டுல பாகம் பிரிக்கறாங்க, யார் மோட்டார் எரிஞ்சுது, எல்லாத்தையும் காதுல போட்டுக்குவார். ராத்திரி துச்சாதனன் ஆவேசமா வந்து நிப்பான். தாத்தா குறுக்க போய், “ஐயா, சேலையை அப்புறம் இழுக்கலாம். கீழத்தெரு மோட்டாருக்குக் காயில் கட்டுன காசு ரெண்டு மாசமா நிக்குதாம், அதைக் குடுத்துட்டு இழுங்க”ம்பார். கீழத்தெருவே எழுந்திரிச்சு உக்காரும்.

ஒரு பழக்கம் அவருக்கு. சாவு வீட்டுச் சேதியோ சீக்குச் சேதியோ காதுல விழுந்தா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு அங்கிருந்து எழுந்து வந்துடுவார். மைக்செட் அண்ணன் எழுதினதைப் படிச்சப்ப அந்தத் துண்டு உதறல்தான் ஞாபகம் வந்தது.

கடைசிக் காலத்துல செல்லுல ஒரு ஸ்டாண்ட்-அப் போட்டுக் காட்டினேன். திரை இல்ல, வேஷம் இல்ல, ஒத்தை ஆளு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, “இவனுக்கு எத்தனை மணிக்கு விடியும்?”னார். ஒரு மணி நேரம்தான் தாத்தான்னேன். “நான் அரிதாரம் பூசவே அத்தனை நேரம் ஆகும்டா”ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டார். ஆனா போர்வைக்குள்ள தோளு குலுங்கறது தெரிஞ்சுது.

பென்னாகரத்தான், பெங்களூரு:

நான் அந்த ஒத்தை ஆளுங்கள்ல ஒருத்தன். வாரத்துல அஞ்சு நாள் கம்பெனி வேலை, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினா சேலம், ஈரோடு, கோவை, எங்க கூப்பிட்டாலும். பைபாஸ்ல தர்மபுரி லைட்டு தெரியறப்ப மணி ஒண்ணு இருக்கும். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர்ல அம்மா தூங்கிட்டிருக்கும். இறங்கினதில்லை.

வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு இந்தத் தொழிலோட கணக்கு புரியாது. ஓப்பன் மைக்னு யார் வேணா ஏறிப் பேசிப் பார்க்கற மேடையில அஞ்சு நிமிஷம் குடுப்பாங்க. நாலாவது நிமிஷம் பின்னாடி ஒருத்தர் செல் லைட்டைக் காட்டுவார். கேக்கற பத்துப் பேர்ல ஆறு பேர் அவங்க முறைக்குக் காத்திருக்கற காமெடியன்கள், சிரிக்க மாட்டாங்க, மனசுக்குள்ள சொந்த ஜோக்கை ஒப்பிச்சுக்கிட்டிருப்பாங்க. அப்படி அஞ்சஞ்சு நிமிஷமாச் சேர்த்து ஒரு மணி நேரம் ஆக எனக்கு நாலு வருஷம். மிமிக்ரி அண்ணன்மார்கள் ஒரே ரயிலைப் பத்து வருஷம் ஓட்டினாங்க. எங்களுக்கு அது கிடையாது. ஆளு வரணும்னா செல்லுல போட்டாகணும், போட்டா அந்த ஜோக்கு செத்துடும். மேடையில ஆரம்பிக்கறப்பவே முன் வரிசை முடிச்சு வைக்கும்.

எனக்கு நிலைச்சு நின்னது என் பல்லுதான். எனக்கும் பழுப்புதான். சென்னையில முதல் தடவை சொன்னேன்: “எங்க ஊர்ல பொண்ணு பார்க்கப் போனா ஜாதகத்தை அப்புறம்தான் எடுப்பாங்க. முதல்ல பையன் எந்த போர்த் தண்ணி குடிச்சவன்னு சிரிக்கச் சொல்லிப் பார்ப்பாங்க. எனக்குப் பத்துக்குப் பத்துப் பொருத்தம், போரு பொருந்தலை.” ஹால் குலுங்குச்சு. அதுல இருந்து எந்த ஊருக்குப் போனாலும் அதுதான் கடைசி அயிட்டம். ஊர்ல மட்டும் சொன்னதில்லை. அம்மா முன்னாடி எப்படிச் சொல்றது? அந்தத் தண்ணியைக் குடத்துல தூக்கிட்டு வந்ததே அதுதானே.

போன பொங்கலுக்கு எங்க தெருவுல உறியடி, மியூசிக்கல் சேர் எல்லாம் முடிஞ்சு, நம்ம பையன்தான் காமெடி பண்றானாமேன்னு மைக்கைக் கையில திணிச்சுட்டாங்க. பஸ்ஸு, ஆபீஸு, ஹவுஸ் ஓனர்னு ஓட்டினேன். சிரிச்சாங்க, எல்லாக் கையும் வாய்லதான். பல்லுப் பக்கம் போகவே இல்ல. முடிச்சுட்டு மைக்கை வைக்கப் போறேன், தரையில உக்கார்ந்திருந்த ஒரு பொடியன், ஏழெட்டு வயசு இருக்கும், கை தூக்கறான். 2013க்கு அப்புறம் பொறந்தவன், காவிரித் தண்ணி குடிச்சு வளர்ந்தவன், பல்லு அரிசி மாதிரி இருக்கு.

“அண்ணா, நீ பேஸ்ட்டு வெச்சுத் தேய்க்கவே மாட்டியா?”

ஒரு செகண்டு யாரும் மூச்சு விடலை. முதல்ல சிரிச்சது எங்கம்மாதான். அப்புறம் தெருவே சிரிச்சுது. சென்னை ஹால்ல கூட அப்படிக் கேட்டதில்லை. நாலு வருஷம் உழைச்சவனுக்கு இல்ல, அந்தப் பொடியனுக்கு.

மைக்செட் அண்ணா, நீங்க எழுதின ஊர் எதுன்னு எனக்குத் தெரியும். நான் கேக்கலை.

மைக்செட்காரன், தர்மபுரி:

அப்ப எத்தனாவது வரிசைப்பா?

பென்னாகரத்தான், பெங்களூரு:

முதல் வரிசைதாண்ணா. உங்க பாக்ஸுக்கு நேர் எதிர்ல.

மைக்செட்காரன், தர்மபுரி:

சரி விடு. பொங்கலுக்கு செட்டு யாரு? எக்கோவைக் குறைச்சானா?

பென்னாகரத்தான், பெங்களூரு:

இல்லண்ணா. “தேய்க்கவே மாட்டியா மாட்டியா மாட்டியா”ன்னுதான் போச்சு.