ஒரு சபையே மொத்தமாக ரஷ்யாவை விட்டுக் கான்சாஸ் போனது ஏன்?

கரிசல்காட்டான்:
கோதுமை ரகங்களைப் பற்றித் தேடும்போது அலெக்சாண்டர்வோல் மெனோனைட் சபை கண்ணில் பட்டது (மெனோனைட் என்பது ஒரு கிறிஸ்தவப் பிரிவு). அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கெசல் என்ற சின்ன ஊரை ஒட்டி இருக்கிறது. 1874-ல் தெற்கு ரஷ்யாவிலிருந்து கிட்டத்தட்ட சபை முழுவதும் கிளம்பி வந்துவிட்டதாம். அங்கே நல்ல நிலம், ஐம்பது வருஷ உழைப்பு, அத்தனையையும் விட்டுவிட்டு ஏன் வர வேண்டும்? பஞ்சமா, கலவரமா?

நதிக்கரை:
இரண்டும் இல்லை. கட்டாய ராணுவ சேவைதான் காரணம். மெனோனைட்டுகள் ஆயுதம் எடுக்க மாட்டார்கள், அது அவர்கள் விசுவாசத்தின் அடிப்படை. இந்தச் சபை முதலில் இன்றைய போலந்தில், விஸ்துலா ஆற்றங்கரையில் இருந்தது. 1820-ல் மூப்பர் பீட்டர் வெடல் தலைமையில் மோலோச்னாவுக்கு (இப்போது உக்ரைன்) குடிபெயர்ந்தார்கள், வழியில் ஜார் முதலாம் அலெக்சாண்டரே இவர்களைப் பார்த்து வாழ்த்தி அனுப்பினார் என்று சபையில் சொல்லி வருகிறார்கள், புது ஊருக்கும் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். ராணுவ சேவை கிடையாது என்ற வாக்குறுதியை நம்பித்தான் மெனோனைட்டுகள் ரஷ்யாவுக்கே போனார்கள். 1870களில் இரண்டாம் அலெக்சாண்டர் அரசு எல்லோருக்கும் ராணுவ சேவை என்று சட்டம் கொண்டுவந்ததும் அந்த நம்பிக்கை போய்விட்டது. 1873-ல் அமெரிக்காவில் நிலம் பார்க்கப் போன 12 பேரில் இவர்களின் மூப்பர் ஜேக்கப் புல்லரும் ஒருவர். அடுத்த வருஷமே சுமார் 800 பேர் சிம்ப்ரியா, டியூட்டோனியா என்ற இரண்டு கப்பல்களில் வந்து சேர்ந்தார்கள். சிலர் நெப்ராஸ்காவில் தங்கிவிட, பெரும்பாலானோர் கான்சாஸ் வந்தார்கள். நிலம் விற்ற சாண்டா ஃபே ரயில் கம்பெனி நீளமான கொட்டகைகள் போட்டுக்கொடுத்தது, முதல் குளிர்காலத்தைப் பல குடும்பங்கள் அதில்தான் ஒன்றாகக் கழித்தன.

பழைய_ஏடு:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், ஊரைவிடச் சபைக்குத்தான் வயது அதிகம். 1895-ல் எல்பே என்ற கப்பல் மூழ்கியபோது அதோடு இறந்த கேப்டனின் பெயர்தான் கெசல் ஊருக்கு வந்தது, அதற்குள் சபை அங்கே வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. இப்போதுள்ள ஆலயம் 1886-ல் கட்டி, 1928-ல் பெரிதாக மாற்றியது. அப்புறம் கோதுமை பற்றி: டர்க்கி ரெட் என்ற ரகத்தின் விதையை ரஷ்யாவிலிருந்து வரும்போது குழந்தைகள் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிப் பெட்டியில் கொண்டுவந்தார்கள் என்ற கதையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ரகம் கான்சாஸ் முழுக்கப் பரவியதில் பெர்ன்ஹார்ட் வார்கென்டின் என்ற மில்காரருக்குப் பெரிய பங்கு உண்டு.

கரிசல்காட்டான்:
இரண்டு பேருக்கும் நன்றி. சரி, அமெரிக்கா வந்த பிறகாவது ராணுவத் தொல்லை விட்டதா?

நதிக்கரை:
விடவில்லை நண்பரே. 1874-ல் கான்சாஸ் அரசு மாநிலப் படையில் சேர வேண்டாம் என்று விலக்கு கொடுத்தது உண்மைதான், ஆனால் மத்திய அரசு அப்படி எந்த உத்தரவாதமும் தரவில்லை. 1917-ல் முதல் உலகப் போருக்காகக் கட்டாய ஆள்சேர்ப்பு வந்ததும் மெனோனைட் பையன்களைக் கான்சாஸிலேயே இருந்த ஃபன்ஸ்டன் முகாமுக்கு இழுத்துப் போனார்கள், சீருடை போட மறுத்தவர்களை அங்கே கொடுமைப்படுத்தினார்கள், சிலர் லெவன்வர்த் சிறைக்கே போனார்கள். போதாததற்கு ஜெர்மன் பேசுகிறவர்கள் என்ற சந்தேகம் வேறு. இரண்டாம் உலகப் போரில்தான், துப்பாக்கி தூக்காமல் காடு வளர்ப்பு, மனநல மருத்துவமனை வேலை என்று செய்ய முறையான மாற்று ஏற்பாடு வந்தது. எனக்கு இந்தச் சபையின் வரலாற்றில் கப்பல் பயணத்தைவிட அந்த 1917, 1918 வருஷங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன, ஏனென்றால் இந்தத் தடவை மூட்டை கட்டிக் கிளம்பாமல் அங்கேயே நின்று மறுத்தார்கள்.