என்கோட் முடிய முதலே பிறவுசரில வீடியோ ஓட வைக்கலாமோ?

வெள்ளவத்தைக் கமராக்காரன்:
வணக்கம். காலி வீதியில சின்ன ஸ்டூடியோ வச்சிருக்கிறன். கலியாணம் முடிஞ்ச அடுத்த நாளே ரொறன்ரோ மாமிமார் "தம்பி, வீடியோ வந்திட்டுதோ?" எண்டு வட்ஸ்அப்பில நிப்பினம். போன கலியாணம் 140 நிமிசம். என்ட பழைய ஐ5 லப்டொப்பில, வீடியோவை என்கோட் பண்ணுற (சுருக்கி எழுதுற) எஃப்எஃப்எம்பெக் 0.7 வேகம்தான் காட்டுது, அப்ப 200 நிமிசம் போகும். எழுத எழுதவே அவை பாக்கட்டும் எண்டு எம்பி4 பைலை நேரே என்ட வெப் சேர்வர் என்ஜின்எக்ஸின்ட ஃபோல்டருக்குள்ள எழுத விட்டன். குரோமில கறுப்புப் பெட்டிதான். எம்கேவியா மாத்தினா என்ட மெசினில விஎல்சி பாதி பைலையும் ஓட்டுது, பிறவுசர் மாட்டன் எண்டுது. எங்க பிழை?

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
எஃப்எஃப்எம்பெக்கில மூவ்ஃபிளாக்ஸ் எண்ட செற்றிங்குக்கு ஃபாஸ்ட்ஸ்டார்ட் போட்டுப் பாருங்கோ அண்ணை. எனக்கு வேலை செய்தது.

சேர்வர் ரூம் கிழவன்:
பொடியன், உமக்கு வேலை செய்தது முடிஞ்ச பைலுக்கு. எம்பி4 இல எந்த ஃபிரேம் எங்க கிடக்கு எண்ட அட்டவணைக்கு மூவ் எண்டு பேர். கடைசி ஃபிரேமுக்குப் பிறகுதான் அதை எழுதும். ஃபாஸ்ட்ஸ்டார்ட் எல்லாம் முடிஞ்சாப் பிறகு அதைத் தூக்கி முன்னால வைக்கும், அவ்வளவுதான். கமராக்காரத் தம்பியின்ட பைலில அந்த அட்டவணையே இன்னும் பிறக்கேல்லை.

ஃபிராக்மென்ட் எம்பி4 எண்டால் அட்டவணை துண்டு துண்டா வரும். ஆனா அதிலயும் வில்லங்கம் இருக்கு: பிறவுசர் கேட்ட நிமிசத்தில பைல் எவ்வளவு பெரிசோ, அந்த அளவைத்தான் என்ஜின்எக்ஸ் சொல்லும். அந்த இடத்தில படம் முடிஞ்சுது எண்டு பிறவுசர் நிண்டிடும்.

எச்எல்எஸ்சுக்குப் போங்கோ, வீடியோவைத் துண்டு துண்டா அனுப்புற முறை அது. 4 விநாடித் துண்டுகளா வெட்டும். ஒரு துண்டு முழுசா எழுதி முடிஞ்சாத்தான் அதின்ட பேர் எம்3யு8 பட்டியலில ஏறும், பிறவுசர் பட்டியலைத் திரும்பத் திரும்பக் கேட்கும். அதால பட்டியலை மட்டும் கேஷ் பண்ண (பழைய பிரதியைச் சேமிச்சு வைக்க) விடாதேங்கோ. ஐபோனில சஃபாரி தானா ஓட்டும், மற்றதுகளுக்கு எச்எல்எஸ் ஜேஎஸ் எண்ட பிளேயர் ஸ்கிரிப்ட்டைப் போடுங்கோ. வெட்டுறது கீஃபிரேமிலதான் (மற்ற ஃபிரேமின்ட உதவி இல்லாமத் தனியா விரியிற முழுப் படம்) நடக்கும். எக்ஸ்264 எண்ட என்கோடரைச் சும்மா விட்டா அடுத்த கீஃபிரேமுக்கு 250 ஃபிரேம் வரைக்கும் இழுக்கும், உங்கட 25 ஃபிரேம் வீடியோவில அது 10 விநாடி. அந்த இடைவெளியைச் சொல்லுற ஜி எண்ட இடத்தில 100 குடுங்கோ, 4 விநாடி வரும்.

வெள்ளவத்தைக் கமராக்காரன்:
ஐயா, ஓடுது! ஆனா மாமிக்குப் பொன்னுருக்கலும் இல்லை, மாப்பிள்ளை அழைப்பும் இல்லை, பக்கத்தைத் திறந்த உடனே தாலி கட்டு. பின்னுக்கு இழுக்கவும் ஏலாதாம். "எங்களை வெட்டிப்போட்டியோ?" எண்டு பேச்சு வாங்கினன்.

சேர்வர் ரூம் கிழவன்:
பட்டியலில கடைசி 5 துண்டைத்தான் எஃப்எஃப்எம்பெக் சும்மா வச்சிருக்கும், அது நேரடி ஒளிபரப்புக்குச் சரி. பிளேலிஸ்ட் டைப்பை ஈவென்ட் ஆக்குங்கோ, ஒண்டும் விழாது. முடிவுக்கு அடையாளம் இல்லாத பட்டியலை எச்எல்எஸ் ஜேஎஸ் லைவ் எண்டு நினைச்சு கடைசி நுனியில தொடங்கும், ஸ்டார்ட் பொசிஷன் 0 எண்டு வையுங்கோ.

இன்னொண்டு. 0.7 வேகத்தில உடனே லிங்க் குடுத்தா மாமி உங்கட என்கோடரை எட்டிப் பிடிச்சிடுவா, பிறகு சுத்திக்கொண்டே இருக்கும். 200 இல 140 போக 60. ஒரு மணித்தியாலம் ஓட விட்டிட்டு லிங்கை அனுப்புங்கோ. ஃபைபரின்ட அப்லோட் எவ்வளவு? 4 எம்பிபிஎஸ் வீடியோவை 6 வீட்டில பாத்தா 24 வேணும்.

வெள்ளவத்தைக் கமராக்காரன்:
அப்லோட் போதும். இரண்டும் மாத்தினன், முதலிலயிருந்து ஓடுது. ஒரு மணித்தியாலம் பொறுக்க மாமியால ஏலாது, அதால என்கோடரின்ட வேகத்தைத் தீர்மானிக்கிற பிரீசெட்டை வெரிஃபாஸ்ட் ஆக்கினன், இப்ப 1.3 காட்டுது. இரவு ஏழரைக்கு லிங்க் அனுப்பினன், அங்க காலமை பத்து. கூறைச் சேலைக் கரை கொஞ்சம் கலங்கல்தான். பென் டிரைவில குடுக்கிற பிரதியை விடிய விடிய மெதுவான மீடியம் பிரீசெட்டில ஓட விட்டிருக்கிறன்.