அனுப்பிய பைல் யாரிடம் போனது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

உப்புவெளிக்காரி:

நடந்து மூன்று வருடமாகிறது, இன்னும் அந்தச் சிவப்புக் கட்டம் கண்ணுக்குள் நிற்கிறது. திருகோணமலை டவுனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் டேட்டா என்ட்ரி வேலை. வாழ்வாதார உதவிக்கு 412 குடும்பங்களின் பட்டியல், கூகிள் ஷீட்டில். பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு நிரல். மூதூர், குச்சவெளிப் பக்கம் களத்துக்குப் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் ஒபிஸ் மெயில் இல்லை. அதனால் லிங்க் வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்று திறந்து, வட்ஸ்அப் குழுவில் போட்டேன். நான்தான் போட்டேன். மனேஜர் சொன்னார் என்று இப்போது சொல்லி என்ன.

ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டிலிருந்து திறந்தால், மேலே வரிசையாக மிருகங்கள். தெரிந்திருக்கும், கணக்குக்குள் நுழையாமல் வருகிறவர்களைக் கூகிள் பெயரில்லாத மிருகமாகத்தான் காட்டும். எங்கள் களக்குழு ஆறு பேர். எண்ணிப் பார்த்தேன், 19 மிருகங்கள். அதில் ஒன்று நிற்கிற இடத்தைக் காட்டும் சிவப்புக் கட்டம் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, 207ஆம் வரியில், குறிப்பு நிரலில் வந்து நின்றது. அங்கே நான் என் கையால் தட்டியிருந்தது: 'கணவர் காணாமல் போனவர். மூத்த மகளால் வீட்டில் பிரச்சினை.' கட்டம் அசையவில்லை. யாரோ வாசிக்கிறார்கள், அதை நான் இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உடனே அனுமதியை மூடினேன், மிருகங்கள் போய்விட்டன. இரண்டு நாள் கழித்து அந்த அம்மா ஒபிசுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "மிஸ், என்ர பேருக்குப் பக்கத்தில என்ன எழுதி வச்சிருக்கிறீங்கள்?" பக்கத்து வீட்டுப் பெடியன் போனில் காட்டியிருக்கிறான்.

நிலாவெளி ரிசப்ஷன்:

எங்கள் ஹோட்டலில் வெள்ளைக்காரர்களின் பாஸ்போர்ட்டை ஸ்கேன் பண்ணி, ஒபிஸ் ஆட்கள் பேசவும் பைல் பகிரவும் வைத்திருக்கிற மைக்ரோசொப்ட் டீம்ஸ் சேனலில்தான் போட்டு வைப்போம். சீசன் தொடங்குமுன் பெயின்ட் அடிக்க வந்த கொன்ட்ராக்டரையும் 'கெஸ்ட்' என்று அதே டீமில் சேர்த்துவிட்டார்கள், சுவர் நிறம் பற்றிப் பேச. கெஸ்ட் என்றால் சாதாரண சேனலில் கிடக்கிற எல்லா பைலும் அவருக்கும் தெரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு காலை அவரே கோல் எடுத்தார்: "தங்கச்சி, இந்த ஜெர்மன்காரர்ட பாஸ்போர்ட் எல்லாம் எனக்கு என்னத்துக்கு? நான் கேட்டது கிறீம் கலர்தானே." நல்ல மனுசன், அதனால் தப்பினோம். வேறொருவர் என்றால் கோல் எடுத்திருப்பாரா?

மூதூர் பஸ்:

உப்புவெளிக்காரிக்கு ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. லிங்க் திறந்திருந்தது பிழை, சரி. ஆனால் 'மூத்த மகளால் பிரச்சினை' என்று ஷீட்டில் ஏன் எழுதினீர்கள்? பூட்டியே வைத்திருந்தாலும் உங்கள் ஆறு பேரும் வாசித்திருப்பார்கள். அந்த அம்மாவுக்கு ஆறும் ஒன்றுதான், பத்தொன்பதும் ஒன்றுதான்.

என் கதை இதற்கு நேர் எதிர். எங்கள் இடத்தில் எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டினார்கள். ஒவ்வொரு முறையும் போனுக்குக் கோட் வரவேண்டும், கோட் வருவதற்குக் கவரேஜ் வேண்டும், நாங்கள் போகிற இடத்தில் மரத்தில் ஏறினாலும் ஒரு கோடு சிக்னல்தான். என்ன நடந்தது? எல்லாரும் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். பிறகு பென் டிரைவ். பாஸ்வேர்ட் ஒன்றும் இல்லாத அந்தப் பென் டிரைவை ஒருநாள் டவுனுக்குப் போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன், 'ஸ்டாண்டில எங்கட ஆள் வந்து எடுப்பார்' என்று. எங்கள் ஆள் வரப் பிந்திவிட்டது. இன்றுவரை அது எங்கே என்று தெரியாது.

கோட்டடி:

பஸ் ஸ்டாண்ட் என்றதும் ஞாபகம் வந்தது. கொம்பியூட்டர் வராத காலத்தில் எங்கள் பெயர்ப்பட்டியலை அங்கே திரிகிற மான் தின்றது. கவரை மதிலில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். அதைவிடப் பாதுகாப்பாக ஒரு பைலை அழித்ததை நான் பார்த்ததில்லை.

நெட்வேர்க் அண்ணா:

என்னுடையது சிறியது. எங்கள் ஆள் ஒருவர் கட்டாருக்குப் போனார், அவருடைய கணக்கை அழித்தோம், ஒன்றரை மாதம் கழித்து டெண்டர் பைலைத் தேடினால் இல்லை. டீம்ஸில் ஒருவருக்கு ஒருவர் தனியாகப் பேசுகிற 'சட்'டில் அனுப்புகிற பைல், அனுப்பினவரின் சொந்தச் சேமிப்பிடமான வன்டிரைவில்தான் கிடக்கும், கணக்கை அழித்தால் வழமையாக 30 நாளில் அதுவும் போய்விடும். சேனலில் போட்டால் டீமின் பொதுச் சேமிப்பிடமான ஷேர்பொயின்டில் இருக்கும், ஆள் போனாலும் பைல் போகாது. முதலாளி என்னைப் பார்த்த பார்வை மறக்காது.

சரி, எல்லாரும் கவனியுங்கள். லிங்கைத் திறந்து விடாதீர்கள், மெயில் முகவரி சொல்லி ஆளாளாகக் கொடுங்கள். பார்க்க வேண்டியவருக்குத் திருத்துகிற அனுமதி வேண்டாம். கூகிளில் திருத்துகிறவர் தன் பாட்டில் இன்னொருவருக்கும் பகிரலாம், செட்டிங்ஸில் அதற்குரிய சரி அடையாளத்தை எடுத்துவிட்டால்தான் நிற்கும். டவுன்லோடையும் பிரிண்டையும் நிறுத்தலாம், ஆனால் திரையைப் படம் பிடிக்கிறவனை எந்த செட்டிங்கும் பிடிக்காது. எக்சலுக்குப் பாஸ்வேர்ட் போட்டால் அதே மெயிலில் பாஸ்வேர்டையும் எழுதி அனுப்புகிறவர்களை நான் கண்டிருக்கிறேன், கோல் எடுத்துச் சொல்லுங்கள். ஷீட்டை 'புரொடெக்ட்' பண்ணுவது வேறு, பைலைத் திறக்கவே பாஸ்வேர்ட் கேட்பது வேறு. முதலாவது பூட்டே இல்லை.

அடையாள அட்டை இலக்கம்தானே என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். இலங்கையின் புதிய 12 இலக்கத்தில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தைக் கொடுத்தால் பிறந்த நாளையும் கொடுத்த மாதிரி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. முதலாளிமாரிடம் அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

சீனக்குடா கணக்கு:

அண்ணா, கேட்டது அனுபவம். வகுப்பு நாளைக்கு வைக்கலாம்.

எங்கள் எக்கவுண்டன்ட் லீவு விபரம் என்று ஒரு எக்சலை எல்லாருக்கும் பகிர்ந்தார். அதற்குள் சம்பள ஷீட் ஒன்றை 'ஹைட்' பண்ணி வைத்திருந்தார், மறைத்தால் இல்லை என்று நினைப்பு. கீழே ரைட் கிளிக் பண்ணி 'அன்ஹைட்' கொடுத்தால் முழுசாக வரும். பத்தரை மணித் தேத்தண்ணி நேரம், வழமையாகச் சந்தை மாதிரி இருக்கிற அறையில் அன்று கரண்டிச் சத்தம் மட்டும். எல்லாரும் அவரவர் போனைப் பார்க்கிறார்கள். எனக்குப் பக்கத்துக் கதிரையில் அதே வேலை செய்கிறவருக்கு என்னைவிட 11,000 ரூபா கூட. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பணிஸைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பைல் வெளியே வந்ததால்தான் அடுத்த மாதம் போய்க் கேட்டேன், கூட்டித் தந்தார்கள். ஆகவே இங்கே எல்லாரும் அழுவது போல என்னால் அழ முடியாது. எக்கவுண்டன்டுக்கு மட்டும் பாவம், மூன்று மாதம் ஒருவரும் அவரோடு சாப்பிடவில்லை.

உப்புவெளிக்காரி:

மூதூர் பஸ், கோபமில்லை. ஏன் எழுதினேன் என்றால், படிவத்தில் 'பாதிப்பு நிலை' என்று ஒரு கேள்வி இருந்தது, பாதிப்பு கூட இருந்தால்தான் தெரிவில் வருவார். அவருக்கு உதவி கிடைக்கட்டும் என்றுதான் எழுதினேன். உதவி கிடைத்தது, பத்துக் கோழியும் ஒரு கோழிக்கூடும்.

அடுத்த நாளே அந்த நிரலை அழித்தேன். பிறகுதான் பழைய பதிப்பு வரலாற்றில் அது அப்படியே இருக்கிறது என்று தெரிந்தது. புதிதாக ஒரு பிரதி எடுத்து, பழையதை முழுசாக நீக்கினேன். அதற்கு முன் எத்தனை பேர் டவுன்லோட் பண்ணினார்களோ.

போன மாதம் சந்தையில் அவரைக் கண்டேன். மீன் வாங்கிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முதல் கேட்டது: "மிஸ், அந்த எழுத்து இப்ப இல்லைத்தானே?" இல்லை அம்மா, அழித்துவிட்டேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு மீனுக்குக் காசு எண்ணத் தொடங்கினார். பெடியனின் போனைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.