எச்.பி.வி. (மனித பப்பிலோமா வைரசு) கலத்தின் வளர்ச்சியை எப்படி மாற்றுகிறது?

கோண்டாவில் அம்மா:
மகள் தரம் 6. பாடசாலையில் எச்.பி.வி. தடுப்பூசிக்குச் சம்மதம் கேட்டிருக்கிறார்கள். போடத்தான் போகிறேன். ஆனால் கையில் வெறும் மரு வரவைக்கிற வைரசின் இனம் கருப்பைக் கழுத்தில் எப்படிப் புற்றுநோயை உண்டாக்குகிறது?

நல்லூர் ரீச்சர்:
நல்ல கேள்வி அக்கா. தோலிலும் கருப்பைக் கழுத்திலும் அடி அடுக்கில் உள்ள கலங்கள்தான் பிரியும். மேலே ஏற ஏறப் பிரிவது நின்று, முதிர்ந்து உதிரும். வைரசுக்கோ தன் டிஎன்ஏயைப் பெருக்க, பிரியும் கலத்தின் இயந்திரம் வேண்டும். அதனால் நிற்க விடாது.

புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. 16, 18 வகைகளின் ஈ7 புரதம், கலப்பிரிவைத் தடுக்கும் ஆர்பி என்ற நம் புரதத்தைப் பிடித்து அழிக்கும். ஆர்பி அடக்கி வைத்திருந்த ஈ2எஃப் என்ற புரதம் விடுபட்டுக் கலப்பிரிவைத் தொடக்கிவிடும். இப்படி ஒழுங்கு கெட்ட கலத்தைச் சாகவைப்பது பி53 என்ற நம் புரதம். வைரசின் ஈ6 புரதம் அதையும் ஒழித்துவிடும். ஈ5 என்று வைரசின் இன்னொரு புரதம், வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் சைகையை ஏற்கும் ஈஜிஎஃப்ஆரை நீண்ட நேரம் இயங்க வைக்கும். சாதாரண மரு வகைகளின் ஈ6, ஈ7 இவ்வளவு வலுவாகப் பிடிப்பதில்லை.

மானிப்பாய் தம்பி:
தொற்றினால் எல்லாருக்கும் புற்றுநோயா?

நல்லூர் ரீச்சர்:
இல்லைத் தம்பி. பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் உடலே அகற்றிவிடும். பல வருடம் தங்கினால்தான் ஆபத்து. சில வேளை வைரசின் டிஎன்ஏ நம் டிஎன்ஏக்குள் செருகி, ஈ6, ஈ7 கட்டுப்பாடில்லாமல் உருவாகும்.

அக்கா, தடுப்பூசியில் வைரசின் வெறும் கோதுதான், டிஎன்ஏ கிடையாது. தயவுசெய்து இரண்டு டோசும் போடுங்கள். உங்களுக்கு 35 தாண்டியிருந்தால் நீங்களும் கருப்பைக் கழுத்துக் கலங்களைப் பார்க்கும் பப் பரிசோதனை செய்யுங்கள்.