அவசரம்: 200 கிராம் பீனட் பட்டர் எத்தனை கப்?

மாலைத்தேநீர்:
வீட்டில் தராசு இல்லை. குக்கி செய்முறையில் 200 கிராம் பீனட் பட்டர் என்று போட்டிருக்கிறது. அது எத்தனை கப்? நேற்று ஒரு கப் போட்டேன், ஓவனில் எண்ணெய் கக்கி அடை மாதிரி பரவிவிட்டது. ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், சீக்கிரம்.

கரண்டி77:
எந்த கப்? அமெரிக்க கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலிய கப் 250. பட்டர் கடையில் வாங்கியதா, மிக்ஸியில் அரைத்ததா?

பழையசோறு:
கிராம் என்றால் மில்லிதானே? 200 மில்லி அளந்து போடுங்கள்.

உப்புக்கல்:
அது தண்ணீருக்கு. கடலை விழுது கொஞ்சம் கனம், ஒரு மில்லி ஏறக்குறைய 1.09 கிராம். 200 கிராமுக்கு 183 மில்லி. இதையெல்லாம் இங்கே பலமுறை எழுதியாயிற்று, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. ஓவன் வாங்கத் தெரிந்தவருக்குத் தராசு வாங்கத் தெரியாதா?

கரண்டி77:
ஐந்து மணிக்குள் தராசு வந்து இறங்குமா ஐயா?
மாலைத்தேநீர், அமெரிக்க கப்பில் 258 கிராம் பிடிக்கும். முக்கால் கப், மேலே ஒரு டீஸ்பூன். 250 மில்லி கப் என்றால் முக்காலே போதும். டேபிள்ஸ்பூன் 16 கிராம், அப்படிப் பார்த்தால் பன்னிரண்டரை. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் மட்டும் 20 மில்லி, அதில் எண்ணினால் எகிறிவிடும்.

முறுக்குமாமி:
அளவை விடுங்கள். பாட்டிலில் எண்ணெய் மேலே மிதந்ததாம்மா? அடிவரை கிளறாமல் மேலாக எடுத்தால் பாதிக்குப் பாதி எண்ணெயாகத்தான் வரும். கப்புக்குள் துளி எண்ணெய் தடவிவிட்டு, கரண்டியால் அழுத்தி நிரப்பு. இல்லாவிட்டால் அடியில் காற்று நின்றுகொண்டு கப் நிறைந்த மாதிரி காட்டும்.

பழையசோறு:
எதற்கு இவ்வளவு? ஒரு ஆழாக்கு போட்டால் தீர்ந்தது.

உப்புக்கல்:
ஆழாக்கு 168 மில்லி. குறையும்.

பழையசோறு:
எங்கள் வீட்டு ஆழாக்கில் 200 பிடிக்கும்.

உப்புக்கல்:
அதற்குப் பெயர் டம்ளர்.

பழையசோறு:
என் பாட்டி அரிசி அளந்த ஆழாக்கு அது. நாலு தலைமுறைச் சோறு அதில் அளந்துதான் வெந்தது.

உப்புக்கல்:
நாலு தலைமுறையாகக் கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

முறுக்குமாமி:
கேட்ட பெண் எங்கே?

மாலைத்தேநீர்:
மாமி, நான் பெண் இல்லை. எண்ணெய் மிதந்தது, மேலாகத்தான் எடுத்தேன். கப் ரைஸ் குக்கரோடு வந்தது. அடியில் 180 என்று போட்டிருக்கிறது.

கரண்டி77:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அந்தக் கப்பில் தலைதட்டி ஒன்று, கூட ஒரு டீஸ்பூன். 196ம் 5ம், கணக்கு முடிந்தது. அப்படியானால் நேற்று போட்ட அளவும் கிட்டத்தட்ட சரிதான், மாமி சொன்ன எண்ணெய்தான் கெடுத்திருக்கிறது. அடிவரை கிளறுங்கள்.

முறுக்குமாமி:
மன்னித்துக்கொள் தம்பி. மாவை அரைமணி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஓவனில் வை, பரவாது.

(இரண்டு நாள் கழித்து)

மாலைத்தேநீர்:
வந்தது. நன்றி.

கரண்டி77:
கிளறினீர்களா, ஃபிரிட்ஜில் வைத்தீர்களா? எதனால் வந்தது என்று சொன்னால் அடுத்தவருக்கு உதவும்.

பழையசோறு:
பால் பாக்கெட்டை ஊற்றி அளந்துவிட்டேன். எங்கள் ஆழாக்கில் 200தான்.

உப்புக்கல்:
படம் போடுங்கள்.