பழைய தரையைப் பெயர்ப்பதா, பழுது பார்ப்பதா, மேலேயே டைல்ஸ் ஒட்டுவதா: தமிழக-கேரள எல்லையோர வீடுகளின் அனுபவங்கள்

செங்கோட்டையிலிருந்து:

எங்கள் வீடு, செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், அதாவது 1956-க்கு முன்பு கட்டப்பட்டது. கல்லும் சுண்ணாம்புக் கலவையும் வைத்துக் கட்டிய சுவர்கள். கூடத்திலும் தெருப்பக்கத்து அறையிலும் சிவப்பு ஆக்சைடு தரை, அதாவது நிறப்பொடி கலந்த சிமெண்ட் பூச்சு. அடுக்களையில் மட்டும் பிற்காலத்தில் போட்ட வெறும் சிமெண்ட் தரை. கூடத்தில் ஆள் நடமாடும் தடத்தில் சிவப்பு வெளிறி அடியிலுள்ள சாம்பல் நிறம் தெரியத் தொடங்கியிருந்தது. தெருப்பக்கத்து அறையில் மேல்பூச்சு வில்லை வில்லையாகப் பெயர்ந்ததோடு, சுவரோரங்களில் வெள்ளையாக உப்பும் பூத்திருந்தது. மொத்தத்தையும் பெயர்த்துவிட்டு டைல்ஸ் பதித்துவிடலாம் என்பதே வீட்டாரின் ஏகமனதான கருத்து. தென்காசிக் கடைகளில் விலைகூட விசாரித்தாகிவிட்டது.

வேலையைப் பார்க்க வந்த மேஸ்திரி வயதானவர். கடையில் வாங்கி வந்த மாதிரி டைல்ஸை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, மொதல்ல தரையைத் தட்டிப் பாத்துருவோம்" என்று சொல்லி, ஒரு கம்பித் துண்டின் முனையால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். கூடம் முழுவதும் கெட்டியான ஒலிதான் வந்தது. தெருப்பக்கத்து அறையில் பாதிக்கு மேல் பொள்ளல் ஒலி கேட்க, அந்த இடங்களை எல்லாம் சாக்கட்டியால் வளைத்துக் குறித்தார். பிறகு இரண்டடிச் சதுரமாகப் பாலித்தீன் தாளை வெட்டி, ஒவ்வோர் அறையிலும் ஒன்றாகத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் இடைவெளி இல்லாமல் டேப்பால் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தபோது கூடத்துத் தாள் உலர்ந்திருந்தது. தெருப்பக்கத்து அறைத் தாளின் அடிப்பக்கத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. அது சாரல் காலம். இந்தச் சோதனையைச் சாரல் காலத்திலோ ஐப்பசி, கார்த்திகை மழையை ஒட்டியோதான் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். பங்குனி வெயிலில் செய்தால் எந்தத் தரையும் நல்ல தரையாகவே தெரியும்.

எங்களுக்குக் கிடைத்த தெளிவு இவ்வளவுதான்: கூடத்தில் தேய்ந்திருந்தது மேல்தோல், அறையில் கெட்டிருந்தது அடித்தளம். இவ்விரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்க முயல்வதால்தான் பெரும்பாலான வீடுகளில் பணம் வீணாகிறது.

அறையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய சுவர்களின் அடியில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம், கரைந்த உப்பையும் சுமந்துகொண்டு தரை வழியாக மேலே வந்து ஆவியாகும்போது, உப்பு மட்டும் மேற்பரப்பில் தங்கிப் பூச்சைப் பெயர்க்கிறது. அதன்மேல் விட்ரிஃபைடு டைல்ஸைப் பதித்தால் என்ன ஆகும்? அந்த டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும் என்பதால், ஈரம் அதைக் கடந்து வெளியேற முடியாது; பக்கவாட்டில் நகர்ந்து சுவரில் ஏறும். புதுத் தரை போட்ட சில வீடுகளில் சுவரின் அடிப்பகுதியில் மட்டும் பெயிண்ட் பொரிந்து உதிர்வதற்கு இதுதான் காரணம்; பெயிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே அந்த அறையை முழுவதுமாகத் தோண்டி, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே மணல் பரப்பி, அதன்மேல் கனமான பாலித்தீன் தாளை ஓரங்களில் சுவரோடு மடித்து ஏற்றி விரித்து, பிறகுதான் ஜல்லிக் கான்கிரீட் போட்டோம். அந்த அறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் சிமெண்ட் பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையே பூசினோம். ஈரம் அதன் வழியாக ஆவியாகி வெளியேற இடம் இருக்க வேண்டும் அல்லவா?

கூடத்துத் தரையைப் பெயர்க்கவில்லை. நீளமான ஒரு விரிசலை மட்டும் சிறு உளியால் சற்று அகலப்படுத்தி, தூசியைத் துடைத்து, நனைத்து, ஆக்சைடு கலந்த சிமெண்டால் அடைத்தோம். நிறம் ஒத்துப்போகும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக எண்ணெயும் பாதங்களும் பட்டு ஊறிய சிவப்பைப் புதுக் கலவையில் கொண்டுவரவே முடியாது. தனித்தனியாக அட்டையில் பூசிக் காயவைத்துப் பார்த்த மாதிரிகளில் அருகே வந்ததைத் தேர்ந்தெடுத்தோம். இன்றும் அந்தக் கோடு தழும்பு போலத் தெரிகிறது. எனக்கு அது உறுத்தவில்லை, என் மனைவிக்கு உறுத்துகிறது. வெளிறிய தடத்தை மிக நுண்ணிய எமரித் தாளால் நனைத்துத் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, மெழுகுப் பாலிஷ் போட்டதில் பளபளப்பு திரும்பியது. மதிய வேளையில் பாய்கூட இல்லாமல் படுக்கும் எங்கள் அம்மாவுக்கு அந்தக் குளிர்ச்சி போகாமல் இருந்ததே போதும்.

தக்கலையிலிருந்து:

மேலே சொன்ன ஈரச் சோதனையும் தட்டிப் பார்ப்பதும் எங்கள் வீட்டில் நடக்கவில்லை. "பழைய தரை நல்ல உறுதியாட்டு இருக்கு, மேலயே ஒட்டிரலாம்" என்று வேலையை எடுத்தவர் சொன்னார். உடைத்து அள்ளும் செலவும் தூசியும் மிச்சம் என்பதால் எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. மேலேயே ஒட்டும் முறை தவறானதல்ல என்பதை இப்போதும் சொல்வேன். டைல்ஸின் கனமும் பசையின் கனமும் சேர்ந்து அரை அங்குலம் அளவில்தான் தரை உயரும், கதவின் அடியை ஆசாரியிடம் கொடுத்துச் சீவினால் போதும். ஆனால் முறைப்படி செய்ய வேண்டும். எண்ணெய் ஊறி வழுவழுப்பாக இருந்த ஆக்சைடு தரையை இங்கே யாரும் கொத்திச் சொரசொரப்பாக்கவில்லை. பசையைப் பல் கரணையால் முழுவதும் இழுத்துப் பரப்பாமல், டைல்ஸின் பின்பக்கம் உருண்டை உருண்டையாக வைத்து அமுக்கிவிட்டார்கள். டைல்ஸுக்கு டைல்ஸ் இடைவெளியும் இல்லை, சுவரோரத்தில் விட வேண்டிய இடைவெளியும் இல்லை.

இரண்டாவது கோடையில், நண்பகலில், கூடத்தின் நடுவே படார் என்று சத்தம் கேட்டது. ஒரு வரிசை முழுவதும் இரண்டு பக்கமும் சாய்ந்து ஓட்டுக்கூரை போல எழும்பி நின்றது. வெப்பத்தில் டைல்ஸ் விரிவது மிகச் சிறிய அளவுதான் என்றாலும், விரிய இடமே இல்லாதபோது அந்த விசை பிடிமானம் குறைந்த இடத்தில் வெடித்துக் கிளம்பும். பெயர்ந்த டைல்ஸைப் புரட்டிப் பார்த்தால், பசை உருண்டைகள் பட்ட இடம் மட்டும் அப்படியே ஒட்டியிருக்க, நான்கு மூலைகளும் சுத்தமாக இருந்தன. திரும்பப் போடும்போது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிக் கட்டைகளை வைத்து, சுவரோரத்தில் விட்ட இடைவெளி ஓரப்பட்டிக்குள் மறையும்படி செய்தோம்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருப்பதால், அங்கே கண்ணாடி போல மின்னும் கருந்தரையைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி போட்டுத் தாருங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று அதற்கு ஒரு பக்குவம் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இன்று அந்தப் பெயரைச் சொல்லி நமக்குப் போட்டுத் தருவது கருப்பு ஆக்சைடு கலந்த சிமெண்ட் பூச்சுதான். அதுவும் அழகானதுதான், ஆனால் அரண்மனைத் தரை என்று கூடுதல் கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து (பாலக்காடு மாவட்டம்):

எங்கள் வீட்டில் இருந்தது மொசைக். சலவைக்கல் சில்லுகள் பதித்த தரைக்கு ஒரு வசதி உண்டு: அதன் நிறமும் சில்லும் மேற்பரப்பில் மட்டுமல்லாமல் அந்த அடுக்கின் கனம் முழுவதும் இருப்பதால், தேய்ந்த மேல்பரப்பைச் சீவிவிட்டால் கீழே அதே தரை புதிதாகக் கிடைக்கும். மாற்ற வேண்டும் என்று வந்தவர்கள் மூவரும் டைல்ஸ் பதிப்பவர்களே என்பதால், அவர்கள் இதைச் சொல்லாததில் வியப்பில்லை. பாலிஷ் போடும் மெஷின்காரர் ஒருவரைப் பக்கத்துச் சித்தூரிலிருந்து வரவழைத்தோம். பெயர்ந்துபோன சில்லுகளின் குழிகளை வெள்ளைச் சிமெண்டில் நிறம் கலந்து அடைத்து, இறுகியபின் முரட்டுக் கல்லில் தொடங்கிப் படிப்படியாக நயமான கல்லுக்கு வந்து, முடிவில் ஆக்சாலிக் அமிலப் பொடி போட்டுத் தேய்த்தார். செலவு புதுத் தரையில் ஒரு சிறு பங்குதான். தொல்லை என்னவென்றால், அரைக்கும்போது வழியும் சேறு சுவரில் முழங்கால் உயரம் வரை தெறிக்கும். அதைச் சாக்கடையில் விட்டால் குழாய்க்குள் படிந்து அடைத்துக்கொள்ளும். வாளியில் அள்ளித் தோட்டத்து மூலையில்தான் கொட்டினோம்.

பின்கட்டில் புதிதாக ஆக்சைடு தரை போட விரும்பியபோது மேஸ்திரி ஆடி மாதத்தில் மறுத்துவிட்டார். "காத்து அடங்கட்டுங்க, இப்பப் போட்டா வெடிச்சுப் போயிருமுங்க" என்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றை நேரடியாக வாங்கும் ஊர் இது. சிமெண்ட் இறுகுவதற்கு முன்பே மேற்பரப்பு உலர்ந்துவிட்டால் மயிரிழை விரிசல்கள் வலைபோலப் படரும். ஐப்பசியில் போட்டோம், நாலடிச் சதுரங்களாகக் கண்ணாடிப் பட்டை வைத்துப் பிரித்து, ஆக்சைடு பொடியைச் சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் கலந்து, இறுகிய மறுநாளே ஓரங்களில் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கிவிட்டோம். நிறம் அடர்த்தியாக வேண்டும் என்று பொடியை அள்ளிப் போட்டால் தரையின் வலு குறையும்.

செங்கோட்டையிலிருந்து, மீண்டும்:

எங்கள் அடுக்களையைப் பற்றி மேலே சொல்லாமல் விட்டுவிட்டேன். அங்கே டைல்ஸ்தான் போட்டோம். கடப்பாக் கல்லும் கோட்டாக் கல்லும் மலிவாகக் கிடைத்தாலும், இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை. புளியும் எலுமிச்சையும் சிந்தும் இடத்தில் மங்கிப்போகும். பளபளப்பான வகை வேண்டாம் என்று அம்மாவுக்காகச் சொரசொரப்பு முகம் கொண்டதைத் தேர்ந்தெடுத்தோம். பெட்டியில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று வழுக்கும் தன்மைக்கான குறியீடு இருக்கும்; எண் கூடக் கூட வழுக்கல் குறையும். ஈரம் படும் இடத்துக்கு ஆர் 10-க்குக் குறைவாக வாங்க வேண்டாம்.

இரண்டடிக்கு இரண்டடி என்று சொல்லப்படும் டைல்ஸ் (உண்மையில் 60 சென்டிமீட்டர் சதுரம்) பெட்டிக்கு நான்கு வரும். அது ஏறக்குறைய பதினைந்தரைச் சதுர அடி. வெட்டுக்கழிவுக்குப் பத்து சதவீதம் சேர்த்து வாங்குவது வழக்கம், அதற்கு மேல் ஒரு பெட்டியை எடுத்து வைப்பது நல்லது. வண்டியிலிருந்து இறக்கும்போதே எல்லாப் பெட்டிகளிலும் அச்சிட்டிருக்கும் நிற எண்ணும் தொகுதி எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே டிசைனாக இருந்தாலும் வேறு தொகுதி என்றால் நிறம் ஒரு சாயல் மாறும், பதித்தபின் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.